படத்தில் கண்டபடி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் சில ஆயிரம் ஆண்டுகள் கண்டதையும் கண்டுபிடித்துப் பொழுதைப் போக்கிவிட்டு, ஒருவழியாக 'நிர்மலம்' என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தது. இனிக் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி இல்லை. விஞ்ஞானிகள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நிர்மலம் செய்வது ஒரே காரியம். கணினியில் தட்டச்சு செய்த ஆவணத்தை அதன் வாயில் கொடுத்தால், உள்ளே பதித்திருக்கும் படங்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் திருப்பித் தரும். ஒரு சக்கரம் சுற்றும். 'வாழ்த்துகள்! உங்கள் ஆவணம் தூய்மையடைந்தது' என்று திரையில் எழுத்து மின்னும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை இதுவரை உலகம் இளக்காரமாகவே சொல்லி வந்திருக்கிறது. கழுதையை மின்னஞ்சலில் அனுப்ப முடியாது, கட்டெறும்பை அனுப்பலாம் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இந்த அருங்கருவியை முதன்முதலில் வாங்கிய பெருமை 'நடைபாலங்கள், படிக்கட்டுகள் மற்றும் கைப்பிடிச் சுவர்கள் உறுதிநிலை ஆய்வுத் துறை'க்கு உரியது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கைப்பிடிச் சுவர் விழுந்துவிடும் என்று வெளியில் கேலி பேசுவார்கள். எல்லாம் பொறாமை. அங்கே கள ஆய்வாளராக இருந்தவர்தான் நம் கதாநாயகர். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அலுவலகம் முழுவதும் அவர் 'விரிசல்'. நேரில் 'விரிசல் சார்'. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண்ணில் முதலில் அதுதான் படும். கட்டிக்கொள்ளப் போகிறவளின் முகத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று, "உங்க வீட்டு மாடிப்படி சரியில்லையே" என்று சொன்ன மனிதர் அவர். அந்த அம்மா அப்போதே சுதாரித்திருக்கலாம். விதி யாரை விட்டது?

விரிசலார் தம் ஆய்வறிக்கைகளில் சொற்களைச் சேர்க்கமாட்டார். நாலைந்து புகைப்படங்களை ஒட்டிவிட்டு, 'படத்தில் கண்டபடி' என்று எழுதி முடித்துவிடுவார். துறையில் மற்ற ஆய்வாளர்களும் அப்படித்தான். அதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னொரு காலத்தில் அவர்களும் ஆசை ஆசையாகச் சொற்களை எழுதியவர்கள்தாம். ஆனால் எழுதிய சொற்கள் மேலே போகும் வழியில் 'மொழிநயப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. துணை இயக்குநர் அம்மையார் அதன் தலைவி. மக்கள் மனம் நோகாதபடி அறிக்கைகளைப் பக்குவப்படுத்துவது அவருடைய பணி. 'பெரிய விரிசல்' என்று உள்ளே போனது 'கோடு' என்று வெளியே வரும். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் 'வயதுக்கேற்ற சுருக்கம்' ஆகும். 'இடிந்து விழும் நிலையில் உள்ளது' என்று ஒருமுறை எழுதியதற்கு, 'கீழ்நோக்கிய ஈடுபாடு காட்டுகிறது' என்று திருத்தி அனுப்பினார். அதைப் படித்த மேலிடம் அந்தப் படிக்கட்டுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியது.

அன்றோடு ஆய்வாளர்கள் சொற்களைத் தலைமுழுகிவிட்டுப் புகைப்படத்துக்கு மாறினார்கள். சொல்லைத் திருத்தலாம், துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் படத்தை என்ன செய்ய முடியும்? அம்மையார் அதை உற்று உற்றுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மேலே அனுப்பிவிடுவார். சில பாலங்கள் பழுதுபார்க்கப்பட்டதும் உண்டு. விரிசலாருக்கு இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அவர் எழுதச் சோம்பேறி.

துறையின் இந்த இருண்ட காலம் ஒரு நாள் முடிவுக்கு வந்தது. மேலிடத்தின் கைபேசிக்குப் படங்கள் நிறைந்த ஓர் அறிக்கை போய்ச் சேர்ந்தது. கனம் தாங்காமல் கைபேசி அப்படியே உறைந்துவிட்டது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் மேலிடம் வேறு யாருடனும் பேச முடியாமல், திரையில் ஓர் உளுத்துப்போன தூணையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. தூணைச் சரிசெய்யும்படி உத்தரவு வரும் என்று விரிசலார் காத்திருந்தார். அறிக்கைகளின் கனத்தைச் சரிசெய்யும்படி உத்தரவு வந்தது.

அடுத்த வாரமே விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கழுத்தில் டையும் கையில் மடிக்கணினியுமாக வந்து சேர்ந்தார். கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் வந்தன.

"சார், ஒரு ஆவணத்துல கனம் எங்க இருக்கு? எழுத்துலயா? கிடையவே கிடையாது. படத்துல இருக்கு. படத்தை எடுத்துட்டீங்கன்னா ஆவணம் பறக்கும்" என்றார் பிரதிநிதி.

"படத்துல இருக்கிற விஷயம்?" என்று இயக்குநர் கேட்டார். கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேட்பது அவர் வழக்கம்.

"அதுவும் போயிடும் சார். அதனாலதான் இவ்வளவு லேசா இருக்கு."

இயக்குநர் அசந்துபோனார். இத்தனை காலமாக இது தமக்குத் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார்.

செய்முறை விளக்கத்துக்குத் துறையின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டார்கள். சக்கரம் சுற்றியது. வாழ்த்து வந்தது. முதல் பக்கத்தில் 'கம்பீரமும் தொலைநோக்கும் ஒருங்கே அமைந்த நம் இயக்குநர்' என்ற வரிக்கு மேலே வெள்ளையாக ஒரு வெற்றிடம் இருந்தது. எல்லோரும் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்கள். துணை இயக்குநர் அம்மையார்தான் நிலைமையைக் காப்பாற்றினார்.

"சார், இப்பதான் பக்கம் பளிச்சுன்னு இருக்கு."

பின்வரிசையில் யாரோ, "அச்சு அசலா அவரேதான்" என்று முணுமுணுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஊழியர் குழுப்படம் போய், 'இடமிருந்து வலமாக' என்று மட்டும் நின்றது. முன்வரிசையில் யார் உட்கார்ந்தது, யாரைத் தூண் மறைத்தது என்று கணக்குப் பிரிவுக்கும் கிடங்குப் பிரிவுக்கும் நெடுநாளாக நடந்துவந்த சண்டை அந்த நொடியே தீர்ந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் விரிசலார்தான். ஒவ்வொரு படமாக ஒட்டும்போதும் அவருடைய பழைய கணினி நின்று நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இனி அந்தப் பீடை இல்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லா ஆவணங்களும் இனி நிர்மலத்தின் வழியாகவே போகவேண்டும் என்று அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது.

விரிசலாரின் மனைவி ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வீடு இந்தப் பக்கம். நடுவில் ஒரு நடைபாலம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று வருஷக்கணக்காக அதில் நடந்தவள்.

"என்னங்க, இன்னிக்கு உங்க பாலம் என்கிட்ட பேசுச்சு" என்றாள் ஒரு நாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"என்ன சொல்லுச்சு?"

"நடுவுல கால் வச்சதும் 'ஆங்'னுச்சு. போன வாரம் வரைக்கும் 'ம்' மட்டும்தான் சொல்லிட்டிருந்துச்சு."

அவர் மறுநாளே போய்ப் பார்த்தார். பாலத்தின் அடியில் நடுப் பலகையில் ஒரு விரிசல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பலகையைத் தாங்கும் இரும்பு துருவேறி அப்பளமாக உதிர்ந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போய்விட்டது. வேண்டிய கோணங்களில் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்து, பதற்றத்தில் நிர்மலத்தை மறந்துவிட்டு, பழைய வழக்கப்படி படங்களை ஒட்டி அறிக்கை தயாரித்தார்.

'பாலத்தின் நிலை படம் ஒன்றில் கண்டபடி. இரும்பின் நிலை படம் இரண்டில் கண்டபடி. படம் மூன்றைப் பார்த்த பிறகும் பாலத்தைத் திறந்து வைத்திருக்கலாமா என்பதை மேலிடம் முடிவு செய்யலாம்.'

தம் வாழ்நாளில் இவ்வளவு காட்டமாக அவர் எழுதியதே இல்லை. அறிக்கை நிர்மலத்துக்குள் போனது, தூய்மையடைந்தது, மேலே பறந்தது. பறந்த வேகத்தில் திரும்பியும் வந்தது. அடியில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஆய்வாளர் குறிப்பிடும் இடங்களைக் கவனமாகப் பார்த்ததில் குறை எதுவும் காணப்படவில்லை. ஒப்புதல் அளிக்கப்படுகிறது.'

விரிசலார் அம்மையாரின் அறைக்கு ஓடினார்.

"மேடம், அந்தப் படங்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. மூணு இடத்தையும் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு."

"அங்க படம் இருந்துச்சு மேடம். நிர்மலம் எடுத்துருச்சு. இதோ, என் போன்லயே இருக்கு, பாருங்க."

அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போன்ல இருக்கறது ஆவணம் ஆகாது சார். ஆவணத்துல இருந்தாத்தான் ஆவணம்."

"ஆவணத்துல வச்சா போயிடுதே."

"அப்ப அது ஆவணத்துல இருக்கத் தகுதியில்லாத படம்னு அர்த்தம். மெஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது சார். உங்க படத்தைத்தான் எடுத்துச்சா? இயக்குநர் படத்தையே எடுத்துருச்சு. அவர் ஏதாவது சொன்னாரா?"

விரிசலார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த வாரமே பாலத்தின் இரு முனையிலும் 'ஆய்வு செய்யப்பட்டது. உறுதியானது' என்று பலகை மாட்டினார்கள். ஆணி அடித்தபோது கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அடித்தவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

வீட்டில் அவர் மெல்லப் பேச்சை எடுத்தார். "நீ நாளையிலேருந்து ரயில்வே கேட் வழியா சுத்திப் போயேன்."

"ஏன்? உறுதியானதுன்னு போர்டு வச்சிருக்கே?"

"அது... போர்டு உறுதியானது."

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கீங்க?"

"உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"எனக்கு முன்னாடி ஸ்கூல் பிள்ளைங்க கும்பலா ஓடுது. பின்னாடி ஒரு பொண்ணு, மாசமா இருக்கு, கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறுது. அவங்க வீட்டுலயெல்லாம் ஆய்வாளர் இருக்காரா? பொண்டாட்டியை மட்டும் ஒதுங்கச் சொல்ற பாலத்துக்கு நீங்க எதுக்கு, உங்க ஆபீஸ் எதுக்கு? அந்த மெஷின் பேர் என்னது, நிர்மூலமா?"

"நிர்மலம்."

"ஏதோ ஒண்ணு. நீங்க பாலத்தை மூடற வரைக்கும் நானும் அதுலதான் போவேன்."

சொன்னால் செய்கிறவள். விரிசலாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. காலையில் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கடைக்குப் போய்ச் சேர்ந்து, 'வந்துட்டேன்' என்று போன் பண்ணும் வரைக்கும் அவருக்கு உயிர் உயிராக இல்லை.

வேறு வழியில்லாமல் அவர் சொற்களுக்குத் திரும்பினார். பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு பகல் முழுக்க யோசித்து, 'பாலம் விழப்போகிறது. உடனே மூடுங்கள்' என்று எழுதினார். படம் எதுவும் இல்லாததால் நிர்மலம் அதை நொடியில் வாழ்த்தி அனுப்பியது. மொழிநயப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

"என்ன சார் இது? இவ்வளவு பச்சையாவா எழுதுவாங்க? படிக்கறவங்க பயந்துட மாட்டாங்களா?"

"பயப்படட்டும்னுதான் மேடம் எழுதினேன்."

"பயந்தா வேகமா நடப்பாங்க. எல்லாரும் வேகமா நடந்தா பாலம் அதிரும். அதிர்ந்தா என்ன ஆகும்? நீங்களே விஷயம் தெரிஞ்சவர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அம்மையார் பேனாவை எடுத்து, அந்த இரண்டு வாக்கியங்களையும் தாயன்போடு தடவிக்கொடுத்தார். 'பாலம் புதியதொரு நிலையை நோக்கி நகர்ந்து வருகிறது. அதை மூடுவது குறித்துத் திறந்த மனத்துடன் பரிசீலித்து ஆவன செய்யப்படும்' என்று அறிக்கை மேலே போனது. மேலிடம் மகிழ்ச்சி தெரிவித்தது.

படத்தை வைத்தால் இயந்திரம் தின்கிறது. சொல்லை வைத்தால் அம்மையார் பக்குவப்படுத்துகிறார். கல்லில் நார் உரிப்பதே இதற்குத் தேவலை என்று விரிசலார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த தட்டச்சுப் பலகையில் ஒரு சாய்கோடு அவர் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு கிடைக்கோடு. எதிர்ப்புறம் சாய்ந்த இன்னொரு கோடு. அவருக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. இவை எழுத்துகள்! இவற்றை நிர்மலம் தொடாது. சொல்லும் இல்லை, அம்மையாராலும் திருத்த முடியாது!

கோடு கோடாகத் தட்டி, அந்த விரிசலை அப்படியே பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். மேலிருந்து இறங்கி, இடதுபுறம் ஒடிந்து, நடுவில் அகன்று, கீழே இரண்டாகப் பிரிந்தது விரிசல். ஒரு பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கும் ஓடியது. துருவுக்குப் புள்ளிகள் வைத்தார். தம் சுண்டுவிரலுக்கு ஓர் அடைப்புக்குறி. அந்தச் சோம்பேறி மனிதர் வாழ்நாளில் இப்படி உழைத்ததில்லை. நிர்மலத்தில் போட்டார். சக்கரம் சுற்றிச் சுற்றித் திணறி, கடைசியில் வாழ்த்தியது. ஒரு கோடுகூடக் குறையவில்லை. விரிசலார் நாற்காலியில் இருந்து எழுந்து ஒரு குதி குதித்தார்.

இயக்குநரின் அறையில் அந்த அறிக்கை அச்சாகி வெளியே வந்தது. இயக்குநர் தாளைக் கையில் வாங்கினார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்! இங்க வாங்க! இதைப் பாருங்க, எவ்வளவு பெரிய விரிசல்!"

அம்மையார் ஓடி வந்து பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! ரெண்டு பக்கத்துக்கு ஓடுதே சார்!"

வாசலில் காத்து நின்ற விரிசலாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒருவழியாகக் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"ஆமா சார்" என்று உள்ளே நுழைந்தார். "எந்த நிமிஷமும் உடையலாம்."

"அப்ப ஏன் சும்மா நிக்கறீங்க? எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க! யாரும் அச்சு மெஷின் பக்கத்துல நிக்காதீங்க!"

துறையின் வேகத்தைக் குறைகூறுகிறவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் அந்த அச்சு இயந்திரத்துக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டு, நான்கு புறமும் 'ஆபத்து, நெருங்காதீர்' என்ற மஞ்சள் நாடா கட்டப்பட்டுவிட்டது. காவலுக்கு ஆள் போட்டார்கள். கண்ணாடி விரிசலா, உருளை விரிசலா என்று ஆராய நிபுணர் குழு அமைந்தது. மாடிப்படியில் யாரும் அதிர்ந்து நடக்கக்கூடாது என்று உத்தரவு பிறந்தது.

"சார், அது பாலத்து விரிசல் சார்" என்றார் விரிசலார்.

"எது?"

"தாள்ல இருக்கறது. ரயில்வே நடைபாலம்."

இயக்குநர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "பாலம் எப்படி சார் மெஷினுக்குள்ள வரும்? அதுக்குத்தான் குறையே இல்லைன்னு ஆவணம் இருக்கே. ரொம்ப உழைக்கறீங்க போல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வீட்டுல இருங்க."

விரிசலார் லீவு எழுதிக் கொடுத்தார். அவருக்கு வந்த கோபத்துக்கு மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். பயந்த சுபாவம், செய்யவில்லை. அச்சு இயந்திரத்தின் அடியில் மஞ்சள் நாடாச் சுருள் ஒன்று மிச்சம் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஊர் எழும்பும் முன்பே அவர் பாலத்துக்கு வந்தார். இரண்டு முனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக நாடாவைச் சுற்றினார். 'உறுதியானது' என்ற பலகையின் மேலேயே ஒரு முடிச்சு விழுந்தது. பிறகு, இந்தப் பக்கத்து முதல் படியில் நின்றுகொண்டார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"என்னய்யா அநியாயம்? வேலைக்குப் போறதா வேண்டாமா?"

"நல்லா இருக்குன்னு போர்டு வச்சுட்டு மூடினா என்ன அர்த்தம்?"

"ஆர்டர் எங்க? காட்டு!"

காட்ட ஒன்றும் இல்லை. "போகக்கூடாது, போகக்கூடாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். யாரோ துறைக்குப் போன் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

"வழியை விடுங்க. கடை திறக்கணும்."

"போகக்கூடாது."

"யாரு சொன்னது? உங்க ஆபீஸா?"

"ஆபீஸ் போகலாம்னுதான் சொல்லுது" என்றார். "நான் சொல்றேன். போகாதே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "வாங்க, கேட் வழியா போவோம். இவரு எழுந்திரிச்சு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காருன்னாலே ஏதோ விபரீதம்தான்" என்று சொல்லி, மாசமாக இருந்த அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திட்டிக்கொண்டே மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பகலில் ஒரு சரக்கு ரயில் பாலத்துக்கு அடியில் கடகடவென்று போனது. கடைசிப் பெட்டி கடந்ததும், நடுப் பலகை பொத்தென்று தண்டவாளத்தில் விழுந்தது. மேலே யாரும் இல்லை. கீழேயும் யாரும் இல்லை. புழுதி அடங்கியபோது விரிசலார் படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

துறை உடனே விசாரணைக்கு உத்தரவிட்டது. பாலம் விழுந்தது பற்றி அல்ல. அது பற்றி வந்த அறிக்கையில், 'பாலத்தின் தற்போதைய நிலை படத்தில் கண்டபடி' என்று மட்டுமே இருந்ததால், விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை. துறைக்குச் சொந்தமான மஞ்சள் நாடாவைத் தன்னிச்சையாகப் பயன்படுத்திப் பொதுமக்களுக்கு இடையூறு செய்தது பற்றித்தான் விசாரணை. கூட்ட அறையில் விசாரணை அதிகாரி நடுவில் அமர்ந்தார். இயக்குநரும் அம்மையாரும் அவருக்கு இருபுறமும் அமர்ந்தார்கள்.

அதிகாரி மென்மையான மனிதர். ஒரு தாளை எடுத்து நீட்டினார். "குறை எதுவும் காணப்படவில்லைன்னு நீங்களே சான்று கொடுத்திருக்கீங்க. அப்புறம் நீங்களே போய் நாடா கட்டியிருக்கீங்க. இதுல எது பொய்?"

"அந்த வரி நான் எழுதினது இல்ல சார். மேடம் எழுதினது. இயக்குநர் சார் ஒப்புதல் கொடுத்தது. ரெண்டு பேர் கையெழுத்தும் அடியில இருந்துச்சு."

"எங்க?"

விரிசலார் குனிந்து பார்த்தார். துறையில் பெரியவர்கள் பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை. ஒருமுறை போட்டதைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். உதவியாளர் தேவைப்படும் இடத்தில் அதை எடுத்து ஒட்டுவார். அந்த வசதி கள ஆய்வாளருக்குக் கிடையாது. அவர் பெயரைத் தட்டச்சுதான் செய்யவேண்டும். தாளின் அடியில் இரண்டு கையெழுத்துகளும் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே, தெளிவான எழுத்தில், ஒரே ஒரு பெயர் நின்றது. தம் இயற்பெயரை அவர் நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்.

"படமா இருந்துச்சு சார்" என்றார் மெல்ல.

"அப்ப போயிருக்கும்" என்றார் அதிகாரி ஆறுதலாக.

அம்மையார் தண்ணீர் குடித்தார். இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். கோப்புகளின் பாரத்தைக் குறைப்பதற்காகவே அந்தக் கருவியை வாங்கினார்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்த விரிசலாருக்கு, யாருடைய பாரம் குறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி, "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க" என்றார்.

உள்ளே வந்தது விரிசலாரின் மனைவி. அன்று சுற்றிப் போனதால் வேலைக்குத் தாமதமானவர்கள் பட்டியலில் அவள் இருந்தாள்.

"சொல்லுங்கம்மா. பாலத்தை மூடினதால உங்களுக்கு என்ன சிரமம்?"

"ரொம்ப சிரமம் சார். சுத்தி நடந்ததுல கால் வீங்கிப்போச்சு. முதலாளிகிட்ட திட்டு வாங்கினேன்." அவள் விரிசலாரைப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களையே பார்த்தாள். "எங்க கடைக்குக் கண்ணு தெரியலைன்னு வர்றவங்களுக்குக் கண்ணாடி போட்டு அனுப்பிடுவோம் சார். பார்க்கவே மாட்டேன்னு உட்கார்ந்திருக்கறவங்களுக்கு எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு இவரு வழியை விட்டிருந்தா, இன்னிக்கு எங்க வீட்டுச் சுவத்துல என் படம் தொங்கும். அந்த மாசமா இருந்த பொண்ணு வீட்டுல ஒரு படம். ஸ்கூல் பிள்ளைங்க வீட்டுலயெல்லாம் ஒவ்வொரு படம். வீடு வீடா வந்து அதையெல்லாம் நீக்கறதுக்கு உங்ககிட்ட என்ன மெஷின் இருக்கு?"

அதிகாரி குறிப்பெடுப்பவரைப் பார்த்து, கடைசி வாக்கியங்களை மொழிநயப் பிரிவுக்கு அனுப்பும்படி சைகை காட்டினார்.

விரிசலாருக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. நாடாவின் மிச்சத்தை ஒப்படைக்கும்படி குறிப்பாணையும் வந்தது. நிர்மலத்தை எல்லாத் துறைகளுக்கும் விரிவுபடுத்த அதிகாரி பரிந்துரைத்தார். ஓர் ஆண்டு முழுவதும் எந்தக் குறையும் பதிவாகாத துறை என்று இயக்குநர் விருது வாங்கினார். எல்லாப் புகழும் அந்தக் கருவிக்கே. அதில் ஒரு குறை சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் இதுதான்: அதற்குப் படங்களை மட்டும்தான் நீக்கத் தெரிகிறது, ஆட்களை நீக்குவதற்குத் துறை இன்னும் பாலங்களைத்தான் நம்பியிருக்கிறது.